கழுத்தில் திருகாணி இல்லாத நோயாளியின் மனு

அனுப்புநர்:
பல் மருத்துவக் கல்லூரி வாசலுக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவள்.

பெறுநர்:
கல்லூரி முதல்வர் அவர்கள்.

பொருள்: நான் சிரித்ததற்காக மாணவியைத் தேர்வில் தோல்வியுறச் செய்தது – மறுதேர்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் இறுதியாண்டு மாணவி ஒருத்தி வெள்ளைக் கோட்டின் கையைச் சுருக்க என் கடைக்கு வந்தாள். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். நூலைப் பல்லால் கடித்தேன், சுரீர் என்றது. உடனே செல்போன் விளக்கை அடித்து என் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். வலப்பக்கக் கடைவாய்ப்பல்லில் ஓட்டை. செய்முறைத் தேர்வுக்கு நோயாளியை மாணவர்களே தேடிப் பிடிக்க வேண்டுமாமே! ஊரெல்லாம் அலைந்தும் கிடைக்காத ஓட்டை எதிர்க்கடையில் கிடைத்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். என் வாயை இதுவரை யாரும் அவ்வளவு மெச்சியதில்லை, என் கணவர் உட்பட.

2. தேர்வன்று ஊசி போட்டாள், வலிக்கவே இல்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அருகில் வந்து நின்றார். அவ்வளவுதான், தங்கச்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் தலையைச் சற்றுத் திருப்ப வேண்டியவள், பின்கழுத்தில் விரலை விட்டு எதையோ தேடித் திருகினாள். விஷயம் பிறகுதான் தெரிந்தது. இவர்கள் அதிகம் பழகியது பொம்மைத் தலையிலாம். அதன் கழுத்துக்குப் பின்னால் உள்ள திருகாணியைத் திருகினால் தலை திரும்பும். எனக்கு அந்த வசதி இல்லை. கூச்சம் மட்டும் ஏராளம்.

3. சிரித்துவிட்டேன், ஐயா. அடக்க அடக்கப் பீறிட்டது. "அக்கா, சிரிக்காதீங்க, எனக்கும் வருது" என்றாள் தங்கச்சி. வாயிலிருந்த பஞ்சு பறந்து போய்த் தேர்வாளரின் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. நோயாளியைக் கையாளத் தெரியவில்லை என்று தேர்வை அங்கேயே நிறுத்திவிட்டார். நியாயம் கேட்கப் போனேன். உதடு மரத்துப்போயிருந்ததால் நான் பேசியது எனக்கே விளங்கவில்லை. ஆகவேதான் எழுத்தில் வருகிறேன்.

4. அவர் போன பிறகு, தங்கள் பேராசிரியை பக்கத்தில் நின்று பார்க்க, அழுத கண்ணோடு என் பல்லை அடைத்ததும் அதே தங்கச்சிதான். இப்போது வலப்பக்கம் எதைக் கடித்தாலும் வலியில்லை. இப்படிப்பட்ட பெண்ணுக்கு ஓராண்டு வீணாவதா? எனக்கு மனசே ஆறவில்லை.

5. பொம்மை எச்சில் விழுங்காது, நாக்கை நீட்டாது, கூச்சப்படாது. தேர்வுக்கு வெகு முன்பே பிள்ளைகளை உயிருள்ள வாய்களில் பழக விடுங்கள். என் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புவது என் பொறுப்பு.

6. தங்கச்சிக்கு மறுதேர்வு வைக்க வேண்டுகிறேன். என் இடப்பக்கமும் ஒரு ஓட்டை இருப்பதாக அவளே சொல்லியிருக்கிறாள். வேறு மாணவர்கள் வந்து கெஞ்சியும் அதை நான் காட்டவில்லை. தேதியை மட்டும் சீக்கிரம் குறியுங்கள். ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகிறது. கூச்சம் தெரியாமலிருக்க, கழுத்துக்குப் பஞ்சு வைத்து ஒரு பட்டியும் தைத்துக் கட்டியிருக்கிறேன். நேற்று கணவரைத் திருகிப் பார்க்கச் சொன்னேன். நான் சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார்.

தங்கள் உத்தரவு வரும்வரை வலப்பக்கமாக மட்டுமே மென்றுகொண்டிருக்கும்,

(கையொப்பம்)
எதிர்க்கடைத் தையல்காரி

நாள்: தேர்வு நடந்த அதே வாரம், சனிக்கிழமை
இடம்: தையல் மெஷின் மேசை