கெம்பம்மாவின் கிணறும் உன் ரோஜாத் தோட்டமும்

அன்புள்ள கண்ணு பிரவீனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் சர்க்கரைகூட இந்த மாதம் சொன்ன பேச்சைக் கேட்கிறது, நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்வாய், கடிதத்தில் அது நடக்காது. அதோடு உனக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டியிருக்கிறது, கூரியர் உறையில் இதையும் சேர்த்து வைக்கிறேன். இதை முழுதாகப் படித்துவிட்டுப் படிவத்தைத் தொடு.

வேக ரயில் பாதைக்காகப் போன மாதம் தேன்கனிக்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். நம் மாடியில் குடியிருக்கிற முத்துக்குமார், ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறாரே அந்தத் திருநெல்வேலிக்காரர், இங்க நிக்காத ரயிலுக்கு நம்ம இடம் எதுக்குன்னு கேளுங்கக்கா என்று சொல்லி அனுப்பினார். நிக்கலேன்னா நிக்க வைக்கச் சொல்லிக் கேப்போம் என்றேன் நான். என் கட்சி உனக்குத் தெரியும், ரயில் வரவேண்டும். அப்பாவை பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற ஒவ்வொரு முறையும் அத்திப்பள்ளி நெரிசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவள் வேறென்ன சொல்வாள். சுவரில் மாட்டிய வரைபடத்தில் இரண்டு கோடு இருந்தது. சிவப்புக் கோடு பக்கத்துக் காட்டுக் கெம்பம்மாவின் மல்பெரித் தோட்டம் வழியாக, நீலக் கோடு நம் ரோஜாத் தோட்டம் வழியாக. சிவப்புதான் ஏறக்குறைய முடிவு, சரியான ஆட்சேபனை வந்தால் மட்டும் நீலத்தைப் பார்ப்போம் என்றார் சென்னையிலிருந்து வந்த அதிகாரி.

கெம்பம்மா எழுந்தாள். புருஷன் போனபிறகு பட்டுப்புழு வளர்த்தே மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவள், ஆனால் கன்னடம் தவிர வேறு பேச்சு வராது. அதிகாரிக்குக் கன்னடம் தெரியாது. ஆனேக்கல்லில் பிறந்து கன்னடம் பேசி வளர்ந்தவள் நான் ஒருத்தி முன்வரிசையில் இருந்தேன், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிணறு அந்தப் பக்கம், தோட்டம் இந்தப் பக்கம், நடுவில் ரெண்டு சுவர் எழுப்பி ரயில் விட்டா "நீரு டிக்கெட் தகொண்டு பருத்தா" என்று கேட்டாள் அவள். அப்பா என் முழங்கையைக் கிள்ளி, அவ சொல்றதுல பாதியை முழுங்கிடு ருக்மணி, இல்லன்னா நம்ம தலையில வந்து விடியும் என்றார். பாதியைச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிணற்றின் ஆழம், இலை வாடினால் புழு சாகும் கணக்கு, சுற்றிப் போகவேண்டிய நாலு கிலோமீட்டர், தண்ணி என்ன டிக்கெட் வாங்கிக்கிட்டு வருமா என்ற கேள்வி, எல்லாவற்றையும் அவள் கோபத்தோடு சேர்த்தே சொன்னேன். அதிகாரி சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் நம் தோட்டத்தில் மூன்று சர்வே கல் நட்டுவிட்டுப் போனார்கள். அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, மூன்றாம் நாள் காபிக்குச் சர்க்கரை போடச் சொல்லிச் சண்டைக்கு வந்தார், அதோடு சமாதானம். கன்னடக்காரி கன்னடக்காரிக்காகச் சொந்த நிலத்தை விட்டுட்டா என்று ஊரில் பேச்சு. பேசட்டும். கெம்பம்மா ஒரு கூடை அவரைக்காயைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே திரும்பினாள். நீ இன்னும் கொஞ்சம் மோசமாகப் பேசியிருந்தால் என் தோட்டம் பிழைத்திருக்கும் என்று நான் கன்னடத்தில் திட்டியபிறகுதான் அவள் சிரித்தாள். நான் செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை கண்ணு. தோட்டம் போகுமே என்பதில் நிறைய இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ரோஜாத் தோட்டத்து ஒன்றரை ஏக்கர் பத்திரத்தில் உன் பேரில்தான் இருக்கிறது, அதனால் நிலம் தரச் சம்மதமா என்று கேட்கிற படிவமும் உன் பேருக்குத்தான் வந்திருக்கிறது. நாட்டுக்கு ரயில் வேண்டும், நிலம் போனால் போகட்டும் என்று போன தீபாவளிக்கு அப்பாவோடு நீ ஒரு மணி நேரம் வாதாடினாய். அப்போது கோடு கெம்பம்மா தோட்டத்தில் இருந்தது. இன்றைக்கும் அதையே சொல்வாயானால் எழுது, இல்லை மனது மாறிவிட்டது என்றால் அதையும் எழுது, யாரும் உன்னைக் குத்திக்காட்டமாட்டோம். அம்மாவே ஏதாவது எழுதிக்கொள்ளட்டும் என்று வெறும் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பாதே, நான் நிரப்ப மாட்டேன். உனக்காகவும் தோட்டத்துக்காகவும் குலசாமியிடம் சொல்லியிருக்கிறேன், நீ நூறு வயது நன்றாக இருப்பாய். கையெழுத்தைப் பத்திரத்தில் போட்ட மாதிரியே போடு, வெள்ளிக்கிழமைக்குள் கூரியரில் சேர்த்துவிடு, வேளைக்குச் சாப்பிடு. இருபத்தாறாம் தேதி அடுத்த விசாரணை. தருகிறேன் என்று எழுதினாலும் தரமாட்டேன் என்று எழுதினாலும், ஒரு சொல் குறையாமல் அதை அங்கே நின்று நானே படிப்பேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
ரா. ருக்மணி