புகைபோக்கியில் ஏற்றிய இரும்பு

மச்சான்,

இன்று மகளின் வீட்டில் இரும்பு அறுக்கிறார்கள். பேரனுக்குக் கூரைக்குக் கீழே ஓர் அறை வேண்டுமாம். அந்தக் கருகல் மணம் படியிறங்கி வந்ததும் எனக்கு உன்மேல் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. செத்து இரண்டு வருடமான மனிதன்மேல் இப்படிக் கோபம் வருமா? வருகிறதே!

டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரில் நீ வாங்கிய அந்தப் பழைய செங்கல் வீட்டை நினைத்தாலே தலையிடிக்கும். நெசவு ஆலையில் காலை வேலை முடிய, சாப்பிட்டதும் சாப்பிடாததுமாக உன் பரணில் ஏறிவிடுவோம். உன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். அவர்களை இங்கே எடுக்க விண்ணப்பம் போட்டிருந்தாய். அவர்கள் வந்து இறங்குமுன் மேலே இரண்டு அறை தயாராக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய்.

தளத்தைத் தாங்க இரண்டு இரும்புத் தீராந்திகள். ஒன்றின் முனையை எங்கே கொண்டுபோய் வைத்தாய்? வீட்டின் நடுவால் மேலே போகிற புகைபோக்கியில், செங்கல்லைக் குடைந்து!

"உதில வைக்காதை" என்று எத்தனை தரம் சொன்னேன்.

"சும்மா இரடா. எங்கட ஊர்ச் சுவர் மாதிரித் தடிப்பு. யானை ஏறினாலும் அசையாது" என்றாய்.

கொம்யூன் நகரசபையிலிருந்து பார்க்க வந்தவர் டோர்ச் அடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். புகைபோக்கியில் எந்தப் பாரமும் ஏற்றக்கூடாதாம். கழற்றினோம். பக்கத்தில் இரும்புக் கால் நிறுத்தி மாட்டினோம். மரச்சட்டம் புகைபோக்கிக்குக் கிட்ட இருக்கிறது என்று அதற்கும் ஒரு கடிதம் வந்தது. மறுபடியும் கழற்றினோம்.

அதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது. விண்ணப்பத்துக்கு மட்டும் பதிலே இல்லை. "டென்மார்க்காரர் சும்மா பிந்தமாட்டினம். எங்களிலதான் ஏதோ பிழை" என்பாய். கேட்கக் கேட்க எனக்கு விசர் வரும். இன்னொரு கடிதம் வந்து மூன்றாம் தரம் கழற்றிய அன்று தீராந்தி என் விரலை நசித்துவிட்டது. கத்தினேன்:

"உன்ர இந்தக் கோதாரி இரும்பாலதானடா அதுகள் இன்னும் வரேல்லை!"

அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாகவே எல்லாவற்றையும் பிரிக்கத் தொடங்கினாய். கொம்யூனுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் வேறு எழுதினாய். எந்த மடையன் அப்படி எழுதுவான்?

பிறகுதான் செய்தி வெளியே வந்தது. எங்கள் தமிழ் ஆட்களின் விண்ணப்பங்களையெல்லாம் நீதி அமைச்சரே வேண்டுமென்று கிடப்பில் போட்டிருந்ததாம். ஆலைக் கன்டீனில் எல்லோரும் கொதித்தோம். நான் மேசையில் அடித்துக் கத்தினேன். நீ என் கையைப் பிடித்து மெல்லக் கேட்டாய்:

"அப்ப, இரும்பில பிழை இல்லையோ?"

அட கடவுளே! விரல் நொந்தவன் கத்தியதை நீ அத்தனை நாளும் நம்பியிருக்கிறாய். ஆலையில் நூல் கட்டும்போதும், மனைவிக்குக் கடிதம் எழுதும்போதும், உன்னால்தான் அவர்கள் வரவில்லை என்று நினைத்திருக்கிறாய்.

"இல்லையடா" என்றேன். அவ்வளவுதான். 'நான் அண்டைக்குச் சொன்னது பிழை, மன்னிச்சுக்கொள்' என்று என் வாயில் வரவில்லை. அவர்கள் வந்து இறங்கியபோது சின்னவன் உன்னைத் தெரியாமல் தாயின் பின்னால் ஒளிந்தான். அன்றும் நான் சொல்லவில்லை. அதன்பிறகு எத்தனை நத்தார்ப் பண்டிகை, எத்தனை கலியாணம் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்!

ஒருநாளாவது என்னை ஏசியிருக்கலாமே, மச்சான். நீ ஏசியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். ஏசாமலே போய்விட்டாய். இனி நான் ஆரிட்டைப் போய் மன்னிப்புக் கேட்பது?