ஹிமாயாவின் முட்டைகள் ஐசில் இருக்கின்றன

கொழும்பு, 2009

ராத்தாவுக்கு ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? இங்கே காரியம் இப்படித் தடைப்படுமென்று நான் அன்றைக்கே சொன்னேன். உங்கள் மகள் ஹிமாயாவுக்குக் கருமுட்டை எடுத்த நாளிலேயே, வந்துகொண்டிருந்த மாப்பிள்ளை அஹ்ஸனை சோதனைச்சாவடியில் பிடித்துக்கொண்டார்கள். அடையாள அட்டையில் உள்ள வீட்டைச் சுனாமி கொண்டுபோனதை நம்பவில்லையாம். இன்னும் விடவில்லை. அவரில்லாமல் கரு சேர்க்க முடியாது. எடுத்த முட்டையும் தாங்காது. நான்தான் டொக்டரிடம், "எங்கட ஊர் பாலமுனையில மீனுக்குப் போடுறாப்போல ஐஸ் போடுங்க" என்றேன். அவரும் அசந்துபோய் உறையவைத்தார்.

"மாமா, ஐசில வெச்ச மீன் நீந்துமா?" என்று கேட்டாள் ஹிமாயா.

"ஒண்டும் பழுதாகாதாம் புள்ள, டொக்டரே சொன்னார்" என்றேன். பிறகுதான் சோறு தின்றாள்.

அஹ்ஸனை விடுவிக்க, கிராம சேவகரிடம் அவர் விலாசத்தை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் வாங்கி உடனே அனுப்புங்கள்.

ராத்தா, டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. உருக்கிப் பார்த்தால்தான் தெரியுமென்றார். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

தம்பி அபூசாலி