சனிக்கிழமை ஆடாத அக்காவுக்கு

என் அன்பு ஹானா அக்கா,

உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இதை எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். என்னிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்ட தமிழ் ‘அக்கா’வும், ஆமென்பதற்கு நாங்கள் சொல்லும் ‘ஓம்’மும் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டே மனோர் பார்க்கில் என் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் அத்தனை பேரையும் சமாளித்தீர்கள். நாம் கதைத்ததெல்லாம் ஆங்கிலம். ஆனால் இப்போது நினைத்தால் உங்கள் குரல் எனக்குத் தமிழிலேயே கேட்கிறது.

உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதோடு, “அந்த யூத மனிசிக்காக நீ ஏன் இவ்வளவு அழுதனி?” என்று எங்கள் ஆட்கள் இன்னும் கேட்கிறார்கள். அவர்களும் கேட்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

பார்க்கிங் என்ற ஊரில், விளையாட்டு நிலையத்து மேசைப்பந்து மேசையில் உங்களை முதலில் கண்டேன். பிரசவ அறையில் வேலை முடித்து நேரே வந்திருந்தீர்கள். தலையில் தொப்பி, முழங்காலுக்குக் கீழே இறங்கிய பாவாடை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் ஆடியவள் நான். இந்த மனிசி என்ன ஆடப்போகிறா என்று நினைத்தேன். இடது கையால் நீங்கள் அடித்த முதல் பந்தே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அன்றிலிருந்து நாம் ஜோடி.

அறுபது வயது தாண்டியவர்களுக்கான சர்வதேசப் போட்டிக்கு இங்கிலாந்து அணியில் நம் இருவரையும் எடுத்தார்களே, அந்தச் சட்டை வந்த நாள் நினைவிருக்கிறதா? நான் கண்ணாடிக்கு முன்னால் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அகதியாக வந்து இறங்கிய நாட்டின் பெயர் என் முதுகில் இருந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள். யூதரை வேட்டையாடிய நாட்டிலிருந்து சின்னப் பிள்ளையாகத் தனியே ரயிலேறி இந்த நாட்டுக்குத் தப்பி வந்தவர். வானொலியில் தேசிய கீதம் போனால் குசினியில் நின்றாலும் நிமிர்ந்து நிற்பாராம். சந்தையில் துணிக்கடை வைத்திருந்தும், நல்ல வியாபாரம் நடக்கும் சனிக்கிழமையில் ஒரு நாளும் கடை திறந்ததில்லையாம்; அது சப்பாத், உங்கள் ஓய்வுநாள். “அவருக்கு நாடும் வேணும், சப்பாத்தும் வேணும். ரெண்டும் சண்டை பிடிக்கும் எண்டு அவர் நினைச்சதே இல்லை” என்றீர்கள்.

சப்பாத் வெள்ளி பொழுது சாய்வதிலிருந்து சனி இருட்டும் வரை. அந்த நேரத்தில் ஆட மாட்டீர்கள் என்று முதலே சொல்லித்தான் அணியில் சேர்ந்தீர்கள். இறுதி ஆட்டம் ஞாயிறு என்றார்கள். நல்லது என்றீர்கள்.

போட்டி நம் லண்டனிலேயே, ஸ்ட்ரெதம் பக்கத்து அரங்கில் நடந்தது. வெள்ளி மத்தியானம் அரையிறுதியில் வென்றோம். கடைசிப் பந்தை நீங்கள் அடித்ததும் அரங்கில் இருந்த சனம் எழுந்து நின்றது. வியர்வை காயும் முன் அறிவித்தார்கள்: ஞாயிறு அரங்கு கிடைக்காது, இறுதி ஆட்டம் நாளைக் காலை.

நம் கேப்டன் லின்டா ஓடிப்போய்ப் பேசிப் பார்த்தாள். சனி இரவுக்காவது தள்ளிவையுங்கள் என்று மன்றாடினாள். முடியாது என்றுவிட்டார்கள். அவள் திரும்பி வந்து உங்கள் முன்னால் நின்ற விதம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

“நீ சனிக்கிழமையிலும் ஆஸ்பத்திரிக்குப் போறனிதானே?” என்று கேட்டாள்.

“ஓம், போறனான். பிள்ளை பிறக்கிற நேரத்தை நான் தள்ளிவைக்க ஏலாது. ஒரு உயிருக்காகச் சப்பாத்தை விடத்தான் வேணும், அது கடமை. மெடலுக்காக விட ஏலாது.”

“நாட்டுக்காகவும் ஏலாதா?”

நீங்கள் மட்டையை உறையில் போட்டு மூடினீர்கள். “ஒவ்வொரு சனியும் எங்கட ஜெப ஆலயத்தில அரசருக்கும் இந்த நாட்டுக்கும் பிரார்த்தனை சொல்லுறது. நாளைக்கும் சொல்லுவன்” என்றீர்கள். பிறகு பொழுது சாயும் முன் வீடு சேர வேண்டுமென்று கிளம்பிவிட்டீர்கள். லின்டா உங்களுக்கு முகம் கொடுக்கவில்லை. நான் ரயில் நிலையம் வரை வந்தேன். “ஜோடி ஆட்டத்தில நீ வலப்பக்கம் கூடுதலா நகருறாய், கவனம்” என்றீர்கள். அவ்வளவுதான்.

மறுநாள் உங்கள் இடத்தில் லின்டா ஆடினாள். எதிரில் ஜப்பான். என் தனி ஆட்டம் இரண்டையும் வென்றேன். லின்டாவின் இரண்டும், நாங்கள் சேர்ந்து ஆடியதும் போய்விட்டன. வெள்ளிப் பதக்கம். மேடையில் நின்றபோது நம் கொடி ஏறுவதைப் பார்த்து என் கண் நிறைந்தது, அது உண்மை. பக்கத்தில் உங்களுக்கான இடம் காலியாக இருந்ததும் உண்மை.

உங்கள் பதக்கத்தை வாங்கிக்கொண்டு, பொழுது சாயும் நேரம் இல்போர்ட்டில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் விரலை உதட்டில் வைத்தீர்கள். “இப்ப சொல்லாதை. செய்தி கேக்கிறது பாவமில்லை. ஆனா கேட்டால் என்ர மனசு அங்க ஓடிப்போயிடும். நாள் முடியட்டும்.”

பின் தோட்டத்தில் இருவரும் நின்றோம். மூன்று நட்சத்திரம் தெரிந்தால் நாள் முடிந்தது என்றீர்கள். லண்டன் வானத்தில் மேகத்தைத் தவிர என்ன தெரியும்? “அதுக்குத்தான் நேர அட்டவணை அடிச்சு வச்சிருக்கினம்” என்று உள்ளே கூட்டிப் போனீர்கள். பின்னிய மெழுகுவர்த்தியை ஏற்றி, கிண்ணத்தில் வைனை நிரப்பி, கராம்பு போட்ட டப்பாவை முகர்ந்து என் பக்கமும் நீட்டினீர்கள். ஓய்வுநாளை அனுப்பிவைக்கும் சடங்கு. சுடரை வைனில் அணைத்த பிறகுதான் என்னைப் பார்த்தீர்கள்.

“வெள்ளி” என்றேன்.

கதிரையில் இருந்து அழுதீர்கள், அக்கா. அதற்கு நான் தயாராக இருக்கவில்லை. “எனக்கு ஆசை இல்லையெண்டு நினைக்காதை. காலமை முழுக்க என்ர காதுக்குள்ள பந்துச் சத்தம்தான். பிரார்த்தனையில அரசரின்ர பேர் வந்த இடத்தில நீ சேர்வ் போடுறாய் எண்டு நினைச்சன்” என்றீர்கள்.

உங்களுக்கு அது எளிதாக வந்த உறுதி என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அந்தக் கண்ணீரைக் கண்டபின்தான் நீங்கள் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று தெரிந்தது. பதக்கத்தை உங்கள் கழுத்தில் நான் போட்டேன். அடுத்த சனி ஜெப ஆலயத்தில் ஒரு வயதானவர், “எங்களுக்கு இருக்கிற வீராங்கனைகளே கொஞ்சம், நீ வீட்டில இருந்திட்டாயே” என்று குறைப்பட, “வெள்ளி கொண்டு வந்திருக்கிறன். தங்கத்துக்கு நீங்கள் வடிவாப் பிரார்த்திச்சிருக்க வேணும்” என்றீர்களாம். உங்கள் மகன் சொல்லிச் சிரித்தார்.

வசந்தத்தில் உங்களைப் புதைத்தோம். நான் மல்லிகை மாலையோடு வந்து நின்றேன். உங்கள் முறையில் பூ இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. மகன் என் கையில் மண்வாரியைத் தந்து, முதல் மண்ணை அதன் பின்புறத்தால் அள்ளச் சொன்னார். மனமில்லாமல் செய்கிறோம் என்பதற்காம். மனமில்லாமல்தான் செய்தேன்.

இனி செய்தி. போன மாதம் நானும் லின்டாவும் ஜோடியாக மறுபடி சர்வதேசப் போட்டிக்குப் போனோம். அரையிறுதி வெள்ளி இரவு. எதிரணி ஆஸ்திரேலியா. அந்த இரண்டு பெண்களும் சப்பாத் காப்பவர்கள். சனி இரவு ஆடலாமா என்று கேட்டார்கள். நாங்கள் சம்மதித்தால் சரி, இல்லாவிட்டால் அவர்கள் தோற்றதாகக் கணக்கு என்றார்கள் நடத்துபவர்கள். நாங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே இறுதி ஆட்டம் எங்களுக்கு. குறைந்தது வெள்ளி.

நான் லின்டாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே மேசைக்குப் போய், “சனி இரவு ஆடுறம்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். “ஒருத்தியைத் தனிய வீட்டுக்குப் போக விட்டனான். இன்னொருக்கா அப்பிடிச் செய்ய என்னால ஏலாது” என்றாள்.

சனி இரவு ஆடினோம், தோற்றோம். நன்றாகவே தோற்றோம். அந்தப் பெண்கள் ஒரு நாள் முழுக்க ஓய்வெடுத்துவிட்டு வந்தவர்கள், நாங்களோ பகல் முழுக்கப் பயிற்சி செய்து களைத்தவர்கள். கடைசிப் பந்து விழுந்ததும் லின்டாவுக்குச் சிரிப்பு வந்தது. “உன்ர அக்கா சொன்ன ஓய்வில ஏதோ இருக்குது” என்றாள். வெண்கலம் கிடைத்தது.

ஆட்டம் முடிந்து அந்த ஆஸ்திரேலியப் பெண்களில் ஒருத்தி, ஏன் சம்மதித்தீர்கள் என்று கேட்டாள். உங்களைப் பற்றிச் சொன்னேன். அவள் உங்கள் தகப்பனின் பெயரைக் கேட்டாள். இறந்தவர்களுக்கான பிரார்த்தனையில் தகப்பன் பெயரோடுதான் சொல்ல வேண்டுமாம். ஹானா, யோசேப்பின் மகள் என்றேன். எங்கேயோ சிட்னியில் ஒரு ஜெப ஆலயத்தில் உங்கள் பெயரைச் சொல்லப்போகிறார்கள். உங்களுக்குச் சந்தோஷமா?

வீட்டுக்கு போன் எடுத்தால் என் அண்ணை பிடித்துக்கொண்டார். “உனக்கென்ன விசரே? சும்மா கிடைச்ச வெள்ளியை விட்டிட்டு வாறாய். நாட்டுக்கு மரியாதை வேண்டாமே?”

“சும்மா கிடைச்சதெண்டுதான் விட்டனாங்கள், அண்ணை. ஆரும் ஆடாமல் ஏறுற கொடியைப் பாத்து எழும்பி நிக்க எனக்கு மனமில்லை.”

அவர் குரலை இறக்கி, “வெண்கலத்தைக் கொண்டு வா பாப்பம், கோயிலுக்குக் கொண்டுபோய் அருச்சனை செய்வம்” என்றார். இங்கிலாந்துக்காக ஆடிய பதக்கம் சேர்ச் ரோட்டுக் கோயிலில் முருகனின் காலடியில் ஒரு பொழுது இருந்தது, அக்கா. அதை உங்களிடம் சொன்னால் எவ்வளவு சிரித்திருப்பீர்கள்?

கை நடுங்காமல் இருக்கும்வரை ஆடுவேன். உங்கள் கல்லறைக்கு வந்து, வென்றதையும் தோற்றதையும் ஒளிக்காமல் சொல்வேன். ஞாயிறு வருவேன், மழையென்றாலும் வருவேன். சனிக்கிழமை மட்டும் வர மாட்டேன். அன்று நீங்கள் ஓய்வெடுங்கள்.

உங்கள் தங்கச்சி,
வதனா
மனோர் பார்க், லண்டன்