வயிற்றில் தங்காதது

பிப்ரவரி 3

எங்கள் தையல் வரிசைக்குக் கழிப்பறை டோக்கன் ஒன்றே ஒன்று. ஒருத்தி எடுத்துக்கொண்டு போனால், அவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். இன்று பாதி நேரம் அது என் கையில்தான் இருந்தது. "பேசாம அதைக் கழுத்துல மாட்டிக்கோயேன்" என்றார் சூப்பர்வைசர். வரிசையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய?

பெருங்குடலெல்லாம் புண், அடங்கும், மறுபடி கிளம்பும், ஆயுசுக்கும் மாத்திரை என்று டாக்டர் சொன்னதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். வெளியில் கண்டதையும் தின்னாதே என்றார். அதோடு அவர் கடமை முடிந்தது.

பிப்ரவரி 4

இன்றும் ரத்தம்.

பிப்ரவரி 9

சாப்பாட்டு இடைவேளையில் குழாயடியில் நின்று அழுததைப் பொத்தான் அக்கா பார்த்துவிட்டாள். எனக்கு அடுத்த மெஷின். பொத்தான் தைப்பதால் அந்தப் பெயர். என்னடி என்று கேட்டாள். "வயித்துல எதுவுமே தங்க மாட்டேங்குதுக்கா. ரத்தமா போகுது" என்றேன். என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். என்னை யாராவது தொட்டு எத்தனை நாளாயிற்று!

பிப்ரவரி 11

டோக்கன் என் மெஷின் மேலேயே இருக்கிறது. யாரும் முணுமுணுக்கவில்லை. சூப்பர்வைசர்கூட, போயிட்டு வாம்மா என்கிறார். திடீரென்று எல்லாருக்கும் என்ன ஆயிற்று?

பிப்ரவரி 12

புரிந்துவிட்டது. கவலைப்படாதே, அடுத்தது தங்கும் என்றாள் அக்கா. அவளுக்கும் இரண்டு தங்கவில்லையாம். ஐயோ — நான் சொன்னதைக் கரு கலைந்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்!

இல்லைக்கா என்று சொல்ல வந்தவள், ஊசியில் நூலைக் கோக்க ஆரம்பித்தேன். கரு போனால் கூடச் சேர்ந்து அழ ஆள் உண்டு. வயிறு போனால்? மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்தான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வீட்டுக்காரர் தங்கை வீட்டு விசேஷத்துக்குத் தனியாகப் போனார். வழியில் எங்கும் நிற்காத பஸ், நான் வரவில்லை என்றேன். இரண்டாவது தரம் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். ஆனாலும் கூப்பிட்டிருக்கலாம்.

பிப்ரவரி 18

அப்போது தனக்குப் பிறக்கப்போகிற குழந்தைக்கென்று வெட்டு மிச்சத் துணியில் சின்னச் சட்டை ஒன்று தைத்தாளாம் அக்கா. இன்னும் பீரோவில் இருக்கிறதாம். புருஷனுக்கே தெரியாதாம். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதற்கு மேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா, எனக்குக் கரு எதுவும் கலையல. குடல்ல புண்ணு. பேதிதான் போகுது."

கையை விட்டாள். "இத்தனை நாளா கேட்டுக்கிட்டே இருந்தியாடி?" என்றாள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 19

டோக்கன் சூப்பர்வைசர் மேஜைக்குத் திரும்பிவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

பிப்ரவரி 26

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. டோக்கன் வேறொருத்தியிடம் இருந்தது. அடக்கினேன், அடக்கினேன் — முடியவில்லை. உடுத்தியிருந்ததெல்லாம் பாழ். வாடை வந்ததும் ஒவ்வொருத்தியாக நகர்ந்தார்கள். செத்துப்போகலாம் போலிருந்தது.

பொத்தான் மெஷின் நின்றது. அக்கா எழுந்து வந்து என் இடுப்பில் ஒரு துணியைச் சுற்றினாள். சூப்பர்வைசரிடம் எதுவும் கேட்காமல் என்னைக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் உள்ளே அலசிக்கொண்டிருந்தேன், அவள் போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"இந்த நோய்க்குப் பேரு என்னடி?"

இதுவரை யாரும் கேட்டதில்லை. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்றேன். வாயில் நுழையவில்லை போலிருக்கிறது, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். குழாயை மூடிவிட்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.