ஒரு முழம் விட்ட கயிறு

12 செப்டம்பர் 2018, புதன்

சிவப்புக் குடைமிளகாய் சுட்டு முடிந்தது. நாற்பது கிலோ. தோல் உரித்து உரித்து விரலெல்லாம் கறுப்பு. குளிர்காலத்துக்கு ஜாடியில் அடைக்கும் ஐவார் விழுது அடிப்பிடிக்காமல் நான்கு மணி நேரம் நின்றே கிளறினேன், எழுபத்தெட்டு வயதில். பக்கத்து வீட்டுக்காரி முக்காலி போட்டு உட்கார்ந்து கிளறுகிறாள். அதற்குப் பெயர் ஐவார் இல்லை, குழம்பு.

வெலிமிர் வெள்ளிக்கிழமை வருகிறான், மனைவி யாஸ்னாவோடு. ஓர் இரவு இங்கே தங்கிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிரேக்கக் கடல்வரை போகிறார்களாம். என் பேரன், நான் வளர்த்தவன். அவன் அம்மா ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போனபோது அவனுக்கு நான்கு வயது, போனவள் திரும்பவில்லை. ஐந்தாம் வகுப்போடு புகையிலை கோர்க்கப் போனவள் நான். நான்தான் அவன் கையைப் பிடித்து முதல் எழுத்து எழுதவைத்தேன். இன்று பாலம் கட்டுகிறான்.

14 செப்டம்பர், வெள்ளி

மூன்று மணிக்கு வந்தார்கள். சத்தம் கேட்டுக் கோழிகள் வேலியேறின.

சூப்கூடக் குடிக்காமல் யாஸ்னா சாமானையெல்லாம் முற்றத்தில் இறக்கிப் பரப்பிவிட்டாள். வண்டி ஒரு பக்கமாக இழுத்ததாம். என்னிடம் தராசு கேட்டாள். கம்பளி நிறுக்கும் தொங்கு தராசைக் கொடுத்தேன். இரண்டு பக்கப் பெட்டிகளையும் மாற்றி மாற்றித் தொங்கவிட்டு, இதிலிருந்து எடுத்து அதில் வைத்து, இரண்டும் ஒரே எடை ஆகும்வரை விடவில்லை. கனமானதெல்லாம் அடியில். துணியும் படுக்கையும் ஓர் உருளைப் பைக்குள். அந்தப் பையைப் பின்தட்டின் குறுக்கே படுக்கவைத்து, இரண்டு பட்டைகளைப் பெருக்கல் குறிபோலப் போட்டு இறுக்கினாள். மிச்ச நுனிகளைச் சுருட்டி, ரப்பர் வளையம் மாட்டி, உள்ளே செருகினாள். பையைப் பிடித்து உலுக்கினாள். பை நகரவில்லை, வண்டிதான் ஆடியது. அதன்மேல் மஞ்சள் மழையுறை. கெட்டிக்காரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் நான் சும்மா இருப்பேனா? நுனியைக் கொஞ்சம் வெளியே விடு பெண்ணே, அவிழ்க்கும்போது பிடிக்க வேண்டாமா என்றேன். வைக்கோல் வண்டியில் நாங்கள் ஒரு முழம் தொங்கவிட்டுத்தான் கட்டுவோம். நுனியைப் பிடித்து ஓர் இழு, பாரம் முழுவதும் அவிழும். மழை வந்தால் நொடியில் சரித்துவிடலாம். அந்த இழுமுடிச்சில் இந்த ஊரில் என்னை மிஞ்சியவள் இல்லை.

"இதுல நுனி தொங்கக்கூடாது பாட்டி. பின்சக்கரம் அதுக்குத்தான் வாயத் தொறந்துட்டு நிக்குது," என்றாள்.

வெலிமிருக்குச் சிரிப்பு. "யாருக்குடி பாடம் நடத்துற? எங்க பாட்டி கட்டின மூட்டை துருக்கிக்காரன் ஆண்ட காலத்துலேர்ந்து அவிழல."

அவனுக்கென்று எட்டு ஜாடி ஐவார் எடுத்துவைத்திருந்தேன். கண்ணாடிக்கு இடமில்லையாம். திரும்பும்போது எடுத்துக்கொள்கிறார்களாம். என் வீட்டிலிருந்து ஒருவன் வெறுங்கையோடு போவதா? அதுவும் இவன்?

15 செப்டம்பர், சனி

எட்டு மணிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பின்னால் ஒரு செம்புத் தண்ணீரைச் சாலையில் ஊற்றினேன். வழி தண்ணீராய் ஓடட்டும்.

இன்னொன்றும் செய்தேன், இங்கே மட்டும் எழுதுகிறேன். இருவரும் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு ஜாடியைக் கம்பளியில் சுற்றி, மழையுறையைத் தூக்கி, அந்தப் பையின்மேல் வைத்துக் கொட்டகைக் கயிற்றால் கட்டிவிட்டேன். அவள் பட்டைகளைத் தொடவே இல்லை. என் கயிறு, என் முடிச்சு. அவிழ்க்க வசதியாக ஒரு முழம் விட்டு, அதை உறைக்குள் தள்ளி மூடினேன். வழியில் பார்ப்பான், சிரிப்பான். கடற்கரையில் ரொட்டியில் தடவும்போது என்னை நினைக்காமல் இருக்கட்டும், பார்க்கலாம்.

16 செப்டம்பர்

வெலிமிர் இல்லை.

18 செப்டம்பர், செவ்வாய்

புதைத்தோம்.

வ்ராஞே ஊரைத் தாண்டி ஒரு வளைவு. காலை பத்தரை மணி. பின்சக்கரம் சட்டென்று நின்றுவிட்டதாம். அவனுக்குக் கழுத்து முறிந்தது. யாஸ்னா புல்லில் போய் விழுந்தாள் – தோளெலும்பு, மூன்று விலா. ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், புதைக்க வர முடியவில்லை.

போலீஸ்காரர் என் மகன் மிலுதினிடம், வெலிமிரின் அப்பாவிடம், சொன்னது: சாமான் கட்டினதில் ஏதோ ஒரு நுனி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. யார் கட்டியது என்று யாஸ்னாவைக் கேட்டார்களாம். நான்தான் என்றாளாம்.

சவப்பெட்டி பக்கத்தில் நின்றே மிலுதின் சொன்னான்: "அவ கை பட்டுச்சு, என் பையன் போனான்."

என்ன நுனி? அவள் பட்டையில் தொங்கும் நுனியே இல்லையே.

20 செப்டம்பர்

இறுக்கமாகத்தான் போட்டேன். இறுக்கமாகத்தான் போட்டேன்.

27 செப்டம்பர், வியாழன்

போலீஸ் கொடுத்த சாக்கைப் பிரிக்கத் தெம்பில்லாமல் மிலுதின் என் சமையலறையில் போட்டுவிட்டுப் போனான். நான் பிரித்தேன். அவன் கையுறை. அவளுடைய இரண்டு பட்டைகள், கொக்கி மாட்டியபடியே, ரப்பர் வளையம்கூட அப்படியே. பிறகு கயிறு. சக்கரத்திலிருந்து எடுக்க நான்கு துண்டாக வெட்டி, கறுப்பு எண்ணெயில் ஊறி. நுனி பிரியாமல் இருக்க நான் சுற்றிய சிவப்பு நூல் ஒரு துண்டில் இருந்தது.

முடிச்சு இல்லை. இழுத்தால் அவிழும் முடிச்சு அது. சக்கரம் இழுத்தது.

சாக்கின் அடியில் கம்பளி மூட்டை. ஒரு ஜாடி நொறுங்கியிருந்தது. இன்னொன்று கீறல்கூட இல்லாமல் முழுசாய் இருந்தது. அப்படிச் சுற்றியிருக்கிறேன் நான். கண்ணாடியைக் காப்பாற்றியிருக்கிறேன்.

கயிற்றைத் துணிப்பெட்டியின் அடியில், என் சாவுக்கென்று வைத்திருக்கும் உடுப்புக்குக் கீழே ஒளித்தேன்.

3 அக்டோபர், புதன்

மிலுதின் வந்தான். நாற்பதாம் நாள் சடங்கை இருபதாம் தேதி சனிக்கிழமை வைத்திருக்கிறான். கல்லறையில் எல்லோருக்கும் கொடுக்கக் கோதுமை வேகவைக்கச் சொன்னான். யாஸ்னா வரக்கூடாது என்றான். "கல்லறை வாசல்ல அவ கால் வெச்சான்னா, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

தலையை ஆட்டினேன். ஆட்டினேனே! வாய்க்குள் என்ன கல்லா வைத்திருந்தேன்? அவனுக்கு மகனும் போனான். இப்போது அம்மாவும் போகவேண்டுமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பொய். ஊர் என்ன சொல்லும் என்றுதான் பயந்தேன். ஸ்தமேனா கிழவி கட்டிய கட்டு, அவள் பேரனையே கொன்றது என்பார்கள்.

11 அக்டோபர், வியாழன்

யாஸ்னா தொலைபேசியில் கூப்பிட்டாள், நீஷ் நகரத்திலிருந்து, அவள் அம்மா வீட்டிலிருந்து. விபத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "சாப்பிடுறீங்களா பாட்டி? மருந்து ஒழுங்கா போடுறீங்களா? அவர் இருந்தா உங்களத் திட்டுவாரு."

சாப்பிடுகிறேன் என்றேன். வைத்துவிட்டாள். அப்போதும் சொல்லவில்லை நான்.

19 அக்டோபர், வெள்ளி

கோதுமை வேகிறது. பெட்டியைத் திறந்து கயிற்றை எடுத்து அங்கிப் பையில் போட்டேன். மறுபடி உள்ளே வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

20 அக்டோபர், சனி

எல்லாவற்றையும் எழுதவேண்டும். நாளைக்கு என் மனசு கதையை மாற்றிவிடும்.

பாதிரியார் ஓதி முடித்தார். கல்லறைமேல் திராட்சை மது ஊற்றினோம். கோதுமைக் கிண்ணத்தை நான் எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தபோது வாசல் பக்கம் பேச்சு நின்றது. யாஸ்னா. ஒரு கை துணித்தூளியில், மறு கையில் ஒரு மெழுகுவத்தி. மிலுதின் போய் வழியை மறித்தான். கத்தவில்லை. "உனக்கு இங்க யாரும் இல்ல. போ," என்றான். அவள் மெழுகுவத்தியைப் படிக்கல்லில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

கிண்ணத்தை யார் கையில் கொடுத்தேன் என்று நினைவில்லை. நடந்து போய், அங்கிப் பையிலிருந்து கயிற்றை எடுத்து மிலுதின் கையில் வைத்தேன்.

"இது நம்ம கொட்டகைக் கயிறுடா. நூலப் பாரு. ஜாடி வெச்சு நான் கட்டினேன், அவங்களுக்குத் தெரியாம. நுனி விட்டேன். அவ வேணாம்னு சொன்னதுக்கப்புறமும் விட்டேன்."

ஊரே நின்று கேட்டது. கேட்கட்டும்.

மிலுதின் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது யாஸ்னா பேசினாள், எங்கள் இருவரையும் பார்க்காமல்.

"எனக்குத் தெரியும் பாட்டி. வ்ராஞேக்கு முன்னாடி பெட்ரோல் போட நிறுத்தினோம். பட்டை தளர்ந்திருக்கான்னு பாக்க உறையத் தூக்கினேன், ஜாடி இருந்துச்சு. கயித்த அறுக்கலாம்னேன். அவர் விடல. பாட்டி கட்டினத அறுத்தா கடல் உப்பு கரிக்கும்டினு சிரிச்சாரு. நுனிய நான்தான் சுருட்டி உள்ள செருகினேன். வளையம் ஒண்ணு மாட்டியிருக்கணும். பையில இருந்துச்சு. ரெண்டு நிமிஷ வேலை. மாட்டல."

அதனால்தான் போலீஸிடம் நான்தான் என்றாள். பொய் சொல்லவில்லை. கயிற்றைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. ஐந்து வாரம், உடைந்த தோளோடு, என்னையும் சேர்த்துத் தூக்கிச் சுமந்திருக்கிறாள்.

நான் படிக்கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் நல்ல கையால் என் தலைத்துணியைச் சரிசெய்தாள். மிலுதின் வழியைவிட்டு விலகினான். அவள் உள்ளே போய் மெழுகுவத்தி ஏற்றினாள். அவன் கயிற்றை என் மடியில் போட்டுவிட்டு, என்னைத் தாண்டி நடந்து போனான். சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை.

2 நவம்பர்

மிலுதின் வெட்டிய விறகு வாசலில் அடுக்கியிருக்கிறது. அவன் உள்ளே வரவில்லை.

7 ஜனவரி 2019

எங்கள் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ். இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிட வேண்டிய ரொட்டியை நானே பிட்டேன், இரண்டு பக்கத்தையும் நானே பிடித்து.

16 மார்ச், சனி

கல்லறையில் மிலுதினைப் பார்த்தேன். அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் வெலிமிர். மழை தூறியது. அவன் குடையைக் கல்லறைமேல் விரித்து வைத்துவிட்டு நனைந்துகொண்டே போனான். எடுத்துக்கொண்டு போகவா, அங்கேயே விடவா என்று வெகுநேரம் நின்றேன். யாருக்காக வைத்தான் என்று தெரியவில்லை. அங்கேயே விட்டேன்.

10 செப்டம்பர், செவ்வாய்

இந்த வருடம் மிளகாய் வாங்குவதில்லை என்று இருந்தேன். யாஸ்னா பஸ்ஸில் வந்து இறங்கினாள், பத்து கிலோ மூட்டையோடு. "வருஷ நினைவுக்கு அவருக்குப் புடிச்சது வேணும். அடுப்ப மூட்டுங்க," என்றாள். தோளை இன்னும் முழுதாகத் தூக்க முடியவில்லை அவளால். நான் கிளறினேன், அவள் உரித்தாள். பாதியில் என்னால் நிற்க முடியவில்லை. முக்காலி கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்தேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

நேற்று வருஷ நினைவு முடிந்தது. இன்று காலை யாஸ்னா கிளம்பினாள். பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போக மிலுதின் காரோடு வந்து வெளியிலேயே நின்றான்.

நான் எதுவும் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு வாசலில் நின்றேன். இனி யாருக்கும் எதையும் கட்டித் தருவதில்லை என்று போன வருடமே முடிவுசெய்தது. அவள் காரில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். "என் ஜாடி எங்க பாட்டி?"

போய் எடுத்துவந்தேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மிலுதின் இறங்கினான். என்னைப் பார்க்காமல் சுற்றி வந்து, அவள் மடியிலிருந்த ஜாடியை எடுத்தான். அவள் காலடியில் இரண்டு பைகளுக்கு நடுவே இறக்கி, தன் மேல்சட்டையைக் கழற்றிச் சுற்றிலும் திணித்தான். சட்டையின் கை வெளியே தொங்கியது. அதை மடித்து உள்ளே செருகினான். ஜாடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தான்.

பிறகு, பதினோரு மாதம் கழித்து, என்னைப் பார்த்தான்.

"அசையாதும்மா," என்றான்.

உள்ளே போய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்துவந்தேன், கார் தெருமுனையில் திரும்பும்வரை அது கையிலேயே இருந்தது. ஊற்றினேன்.