கப்பலுக்கு இன்னும் நூல் வேண்டும்

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் நலமா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நான் நலம், கண்ணாடி பார்க்காத வரையில் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாப்பாவுக்காகச் செய்துவந்த மரக்கப்பல் போன வாரம் முடிந்தது. பாய்மரங்களில் கடைசிக் கயிற்றையும் இழுத்துக் கட்டிவிட்டு, லீவில் கையோடு கொண்டுவர அட்டைப்பெட்டியும் வாங்கி வைத்தேன். மேலாளர் இந்த முறையும் லீவு இல்லை என்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். உட்கார நாற்காலிகூடப் போட்டார்.

அறைக்கு வந்து கயிறுகளையெல்லாம் கத்தரித்துவிட்டு, முதலிலிருந்து கட்டத் தொடங்கினேன். என்னோடு தங்கியிருக்கும் வெல்டர் பார்த்துவிட்டான்.

"என்னண்ணே, நல்லாத்தானே இருந்துச்சு? போன தடவை லீவு இல்லைன்னப்பவும் இப்படித்தான் வெட்டிப் போட்டீங்க!"

"கயிறு தொய்வா இருக்குடா."

"கயிறா? கப்பல் முடிஞ்சிட்டா அப்புறம் பொழுதை எப்படி ஓட்டுறதுன்னு பயம். அதச் சொல்லுங்க."

முகமூடி போட்டு வேலை செய்கிறவனுக்கு இவ்வளவு கண் தெரிவது ஆச்சரியம்தான். சிறுபிள்ளைப் பேச்சு, நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

நூல் தீர்ந்துவிட்டது. நீ ரவிக்கைக்குக் கொக்கி தைக்கும் கறுப்பு நூலில் இரண்டு கண்டு அனுப்பு. பாய்க்கு உன் பழைய புடவையில் ஒரு துண்டும் வேண்டும். வீட்டில் கட்டுகிற புடவையே போதும். துவைக்காமல் அனுப்பு, துவைத்தால் சாயம் போய்விடும்.

வேலைக்கு அழைத்துப் போகும் வண்டிக்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான். பாப்பா கேட்டால், கப்பல் இன்னும் முடியவில்லை என்று சொல். பொய் இல்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா